இறக்கக்கண்டிக் கரையில் நாலாவது வலை

என் மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வெளிநாட்டு வேலை கைகூடிவிட்டது, கட்டடக் கம்பனியில் நேரப்பதிவாளர் உத்தியோகம், இரண்டு மாதத்தில் பயணம் என்று முதல் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தாய். சந்தோஷப்பட்டேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் சரித்து, இன்னொரு விஷயமும் எழுதியிருந்தாய். இறக்கக்கண்டிக் கரைவலைப் பதிவை ஹோட்டல்காரருக்கு விட்டுக்கொடுக்கப் போகிறாயாம், பயணச் செலவுக்கு அது உதவுமாம், அவர்கள் தந்த கடதாசியை நான் அனுப்பிவைக்க வேண்டுமாம், வெறும் கையெழுத்துத்தானாம். எது முக்கியமோ அதை ஓரத்தில் எழுதக்கூடாது என்று உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் உன்னைத் திருத்துவதற்கு எழுதுவதல்ல. உன்னைத் திருத்திய நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்வதற்கு எழுதுகிறேன். பொறுமையாக முழுவதையும் வாசி. உன் மனைவியும் வாசிக்கட்டும்; பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களும் வாசிக்கட்டும்.

உன் கடிதம் வருவதற்கு முந்திய கிழமை, ஹோட்டல்காரரின் ஆள் அந்தக் கடதாசியோடு காரில் வந்தான். மரியாதை தெரிந்த பிள்ளை. சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு வந்து கதிரை நுனியில் இருந்து பேசினான். வெயில் காய வரும் வெள்ளைக்காரருக்கு வலைக்கயிறு காலில் தடக்குகிறதாம், காயவைத்த கீரிமீனின் மணம் ஒத்துக்கொள்வதில்லையாம். அந்தக் கரையில் பதிவுள்ள நாலு வலைகளில் மூன்றுக்கு உரியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். நாலாவது உன் பெயரில் இருக்கிறது. அவன் போன மறுநாள் நான் பஸ் ஏறி மீன்பிடிப் பரிசோதகரின் கந்தோருக்குப் போனேன். ஒரு வலையாவது பதிவில் இருக்கும்வரை அது தொழில்கரை, அதை எவருக்கும் கொடுக்க முடியாது என்றார் அவர். நாலாவதும் போனால் அதற்குப் பிறகு அந்த மணலில் வலை இழுக்க ஒருவருக்கும் உரிமை இராது. நீ வெறும் கையெழுத்து என்று எழுதியது இதைத்தான்.

மீனில்லாத கரையை வைத்து என்ன செய்வது என்று கேட்கிறாய். அதில் பிழை சொல்ல மாட்டேன். நீ பள்ளி விடுமுறைக்கு அங்கே போன காலத்தில் ஒரே இழுவையில் வலை மடி வெடிக்கும் அளவுக்குக் கீரியும் சூடையும் வந்ததைப் பார்த்திருக்கிறாய். இப்போது இயந்திரப் படகுகள் மீன் கூட்டத்தை வெளியிலேயே சுருக்குவலையால் வளைத்துவிடுகின்றன. கரைக்குக் கிட்டே அந்த வலையைப் போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதைக் கடலுக்குப் போய்ப் பார்த்துவருவதற்குப் பரிசோதகரிடம் இருப்பது ஒரு சைக்கிள். நம்முடைய வலைக்கண்ணை அளந்து பார்க்க மட்டும் தவறாமல் வருகிறார், ஏனென்றால் அது மணலில் கிடக்கிறது. முன்பு பனை மரங்களுக்குக் கீழே காத்து நின்ற ஐஸ் லொறி இப்போது பட்டினத்தில் படகுகளுக்காக நிற்கிறது. இறக்கக்கண்டிக்கு வருவது வாரத்தில் இரண்டு நாள். மற்ற நாட்களில் வரும் மீனை மணலில் பரப்பிக் கருவாடாக்க வேண்டியதுதான். இவ்வளவும் உண்மை. இருந்தும் அந்த ஒரு வலையில் இன்றைக்கும் இருபத்தாறு பேர் கயிறு இழுக்கிறார்கள். அவர்களில் ஒருவன் யூசுப். அவனை உனக்கு ஞாபகம் இருக்கும். ஏன் அவன் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான் என்று நீ ஒரு காலத்தில் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டாய். நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது உனக்கு எட்டு வயது. உன் அப்பா தளத்தின் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்தார். ஒரு நாள் மத்தியானம், சேவைக்காலப் பணத்தோடும் நல்ல தாளில் அச்சடித்த நற்சான்றிதழோடும் வீட்டுக்கு வந்தார். அந்த வருடம் திருகோணமலையில் தளத்தை நம்பியிருந்த எல்லோருக்கும் அப்படித்தான். தச்சுவேலைக்காரர், சலவைக்காரர், தையற்காரர், கப்பலுக்கு இறைச்சி கொடுத்தவர்கள் எல்லோரும் திகைத்து நின்றார்கள். கையில் கொஞ்சம் இருந்தவர்கள் வலை வாங்கினார்கள். இல்லாதவர்கள் போய்க் கயிறு பிடித்தார்கள். தளத்துக்கு மீன் கொடுத்துவந்த இறக்கக்கண்டி ஹனீபா காக்காவை, யூசுப்பின் தகப்பனை, உன் அப்பாவுக்குக் களஞ்சியத்தில் வைத்தே பழக்கம். காக்காவுக்கு அந்தக் கரையில் தகப்பன் காலத்து இடம் இருந்தது, தோணி இருந்தது, கடலின் நிறத்தைப் பார்த்து மீன் சொல்லும் கண் இருந்தது. வலைதான் பாதி இற்றுப்போயிருந்தது. மற்றப் பாதியை உன் அப்பா வாங்கினார்.

பாதி என்றால் சும்மா பேச்சுக்குப் பாதி அல்ல. கரைவலைக்கு இரண்டு நீண்ட கைகள், நடுவில் மீன் சேரும் மடி. ஒரு கை அவர்களுடையது, மறு கை நம்முடையது. புரட்டாசியில் பருவம் முடிந்ததும் மடியிலிருந்து இரண்டு கைகளையும் அவிழ்ப்பார்கள். நம்முடையதை மாட்டுவண்டியில் பாலையூற்றுக்குக் கொண்டுவந்து, மாரி முழுவதும் பின் விறாந்தையில் கட்டித் தொங்கவிட்டு உன் அப்பா பழுது பார்ப்பார். அவர்களுடையதை அவர்கள் பார்ப்பார்கள். மடி ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே. சித்திரையில் கரையில் வைத்து மீண்டும் மூன்றையும் பொருத்துவார்கள். தனித்தனியாக வைத்திருந்தால் ஒருவராலும் ஒரு மீன் பிடிக்க முடியாது. அதனால் இரண்டு வீட்டுக்கும் இடையில் எழுத்து எதுவும் தேவைப்படவில்லை. உன் அப்பா களஞ்சியப் பழக்கத்தில் ஒவ்வொரு கயிற்றுச் சுருளையும் எண்ணி வாங்குவார். இழுவைக்காரர் அவருக்கு ஸ்டோர் ஐயா என்று பெயர் வைத்திருந்தார்கள். "மெதுவா இழுங்கடா, ஸ்டோர் ஐயா கடலிட்டயும் ரசீது கேப்பார்" என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரிப்பார். என் முன்னால் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

வலைகள் கூடக்கூடச் சண்டையும் கூடியது. மூன்று வலை போட்ட கரையில் ஒன்பது நின்றன. மேற்குக் கரையிலிருந்து பருவத்துக்கு வந்து வாடி என்ற ஓலைக் கொட்டில் அடித்துத் தொழில் செய்பவர்களும் இருந்தார்கள். ஒருவர் வளைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குறுக்கே தோணியை விட்டார். துடுப்பால் அடிபட்டு ஒருவரின் மண்டை உடைந்தது. அதற்குப் பிறகுதான் அரசாங்கப் பதிவு வந்தது. கரைக்கு இத்தனை வலை, வலைக்கு ஒரு உரிமையாளர், வலை இறக்க ஒவ்வொருவருக்கும் முறை நாள். பதிவில் இல்லாதவர் வலை இறக்கினால் வழக்கு. இறக்கக்கண்டிக்கு நாலு வலை என்று முடிவாயிற்று. எனக்கு அது பிடித்திருந்தது. ஒழுங்கு இல்லாத இடத்தில் எனக்கு மூச்சு முட்டும். இப்போதும் அந்தச் சட்டம் பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நம் இரண்டு வீட்டிலும் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதக்கூடியவள் நான் ஒருத்தி. உன் அப்பாவுக்குப் பொருட்பட்டியல் எழுத வரும், வசனம் வராது. கன்னியர்மடத்தில் எங்களுக்குப் படிப்பித்த அயர்லாந்துக் கன்னியாஸ்திரி, ஒரு கட்டத்துக்குள் ஒரு பதில், மை தொட்டால் முழுத்தாளும் திரும்ப என்று சொல்லித் தந்தவர். நான் குசினி மேசையைத் துடைத்துவிட்டுப் படிவத்தை விரித்தேன். உரிமையாளரின் பெயருக்கு ஒரு கட்டம். ஒரு பெயருக்குத்தான் இடம். உன் அப்பா வாசற்படியில் நின்றார்.

"நீர் காக்காவின்ர பேரைப் போடும்," என்றார். "கரை அவையின்ர."

"அப்ப வலை?"

"வலை பாதி."

"பாதி எண்டு எழுத இதில இடமில்லை. நாளைக்குக் கந்தோரால இங்கிலீசில ஒரு கடிதம் வந்தா ஆர் மறுமொழி எழுதுறது? காக்காவோ?"

நான் கேட்ட விதத்துக்குப் பதில் சொல்லக்கூடிய மனிதர் அல்ல அவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிக் கேட்டேன். உன் அப்பாவின் பெயரை எழுதினேன். கந்தோருக்கு மறுமொழி எழுதுவது ஒரு சாட்டு. உண்மை என்னவென்றால், தளத்தில் உத்தியோகம் பார்த்தவரின் மனைவி, ஊரில் எல்லோரும் மிஸிஸ் என்று கூப்பிட்டவள், அப்போது கருவாட்டு மணத்தோடு சீவித்தேன். அரசாங்கத் தாள் ஒன்றிலாவது நம் பெயர் முதலாவதாக இருக்கட்டும் என்று என் மனம் விரும்பியது.

அன்று பின்னேரம் காக்கா வந்தார். சாட்சிக்கு அவருடைய பெருவிரல் அடையாளம் வேண்டியிருந்தது. படிவத்தில் பதினொரு கேள்விகள். ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். வலையின் நீளம், தோணியின் நீளம், இழுப்பவர் தொகை, கரையின் எல்லை. பத்துக் கேள்விகளை வாசித்தேன், மகன். ஒன்றை வாசிக்கவில்லை. இரண்டாவதிலிருந்து நாலாவதுக்குப் போனேன். என் குரல் கொஞ்சமும் தடக்கவில்லை. காக்கா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டார். "எல்லாம் சரிதானே தங்கச்சி?" என்றார். சரி என்றேன். "நீங்க எழுதினாச் சரிதான்" என்று சொல்லிப் பெருவிரலை மையில் வைத்தார். மறுநாள் காலையில் அந்த உறையை அரசாங்கக் கச்சேரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவரே.

நாலைந்து வருடம் ஒன்றும் நடக்கவில்லை. சித்திரையில் பொருத்தினார்கள், புரட்டாசியில் அவிழ்த்தார்கள், பிடிபட்டது பாதி பாதியாகப் போனது. நானும் அதை மறந்துவிட்டேன் என்றே சொல்லலாம். பிறகு நைலோன் வந்தது. மீனவர் சங்கத்தின் மூலம், அரசாங்க உதவியில், பதிவுள்ள உரிமையாளருக்கு மட்டும் ஒரு முழு வலை. பருத்தி வலையைப் போல் வெயிலில் உலர்த்தத் தேவையில்லை, மரப்பட்டைச் சாயம் தேவையில்லை, அழுகாது. உன் அப்பாவின் பெயருக்கு ஒரு வலை லொறியில் வந்து நேரே கரையில் இறங்கியது. அந்தச் சித்திரையில் காக்கா வழக்கம் போல மாரி முழுவதும் பழுது பார்த்த தன் கையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். றாபியா, அவருடைய மனைவி, ரொட்டியும் சம்பலும் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். நானும் அன்று அங்கே போயிருந்தேன். காக்கா வண்டியிலிருந்து இறங்கி நைலோனை விரலால் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இதுல எங்கட கையப் பொருத்த ஏலாதே" என்றார். உன் அப்பா, பங்கு வழமைபோலத்தான் காக்கா, அதில் மாற்றமில்லை என்றார். அவர்களுடைய கை அன்று வண்டியிலிருந்து இறக்கப்படவே இல்லை. பிறகு அது அவர்கள் வளவில் வேலிக்கு மேல் கிடந்து வெயிலிலும் மழையிலும் நைந்து போனது.

உன் அப்பா சொன்ன சொல்லை இரண்டு பருவம் காப்பாற்றினார். மூன்றாம் வருடம் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்து வீட்டோடு இருந்தார். காரியம் என் கைக்கு வந்தது. அதே காலத்தில்தான் இயந்திரப் படகுகள் கூடி, கரைக்கு வரும் மீன் குறையத் தொடங்கியது. குறைந்ததைப் பாதியாக்க எனக்கு மனம் வரவில்லை. வலை முழுவதும் நம்முடையது, பதிவு நம்முடையது, பிறகு எதில் பாதி என்று ஒரு நாள் நானே சொன்னேன். தோணியில் நின்று வலை போடுபவருக்குரிய பங்கை மட்டும் காக்காவுக்குக் கொடுப்பது என்று வைத்தேன். தன் தகப்பனின் கரையில் அவர் கூலிக்காரரானார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்காததை, அவர் ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

யூசுப் ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தகப்பன் நம் வலையைப் போட, தான் நம் கயிற்றைப் பிடிக்க மாட்டேன் என்றான். அவனுக்கென்று வேறு வலை இறக்கப் பதிவு இல்லை, பட்டியல் மூடியாயிற்று. படகுக்குச் சங்கத்தில் விண்ணப்பிக்கப் பதிவுள்ள தொழிலாளி என்ற துண்டுச்சீட்டு வேண்டும். அதை உரிமையாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் என்னிடம் வந்து கேட்கவில்லை. கேட்காததற்கு நான் கோபித்துக்கொண்டேன். அவன் வெடி போட்டு மீன் அடிப்பவர்களோடு சேர்ந்தான். ஒரு காலை கற்பாறைக்குப் பக்கத்தில் அது கைக்குள்ளேயே வெடித்தது. வலது கை மணிக்கட்டோடு போனது. குற்றமும் அவன்மேல் பதிவானது. உனக்கு நான் எழுதியது என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? யூசுப் கெட்ட கூட்டத்தோடு சேர்ந்து சட்டவிரோதத் தொழிலில் அகப்பட்டான், நீ அவனுக்குக் கடிதம் எழுத வேண்டாம் என்று எழுதினேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. பத்துக் கேள்விகளை வாசித்ததைப் போலத்தான் அந்தக் கடிதமும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன், அதைச் சொல்ல வேண்டும். ஒறேஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். றாபியா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். நான் நீட்டிய பையை வாங்கவில்லை. "வந்து பாத்தது நல்லம்" என்றாள். "பாத்திட்டீங்கதானே. போங்க." இவ்வளவுதான். நான் பையை ஜன்னற்கட்டில் வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அவளுடைய மரியாதைக் குறைவைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

உன் அப்பா கடைசிக் கிழமையில் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் என் கையைப் பிடித்து, "காக்காவின்ர காரியம்" என்றார். களைக்காமல் படுங்கோ, பிறகு பார்ப்போம் என்றேன். அடக்கம் முடிந்து முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு பரிசோதகரின் கந்தோரிலிருந்து பெயர் மாற்றப் படிவம் வந்தது. அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. நீ கொழும்பில் இருந்தாய். உனக்கு அதில் அக்கறையும் இல்லை. உன் பெயரை எழுதினேன், மை தொடாமல், அழகான எழுத்தில். மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்பவள் நான். கோபப்பட்டதை, வேலைக்காரியிடம் கடுமையாகப் பேசியதை, பூசையில் பராக்காக இருந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. மறைக்க நினைத்து அல்ல. இது ஒரு பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் இறக்கக்கண்டிக்குப் போனேன். காக்காவுக்கு இப்போது எண்பது வயதிருக்கும். ஒரு கண்ணில் பார்வை இல்லை. றாபியா போன மாரியில் காலமானாளாம். எனக்கு ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை, ஏன் அனுப்ப வேண்டும். யூசுப் கரையில் நின்றான். இடுப்பில் தடித்த துணிப்பட்டி கட்டி, அதிலிருந்து ஒரு சிறு கயிற்றை வலைக்கயிற்றில் கொளுவி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுக்கிறான். எல்லோரும் அப்படித்தான் இழுக்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் கையாலும் பிடிப்பார்கள், அவன் முழுப்பாரத்தையும் இடுப்பிலேயே வாங்குகிறான். படகு வேலைக்கு இரண்டு கை வேண்டும். ஒற்றைக் கையோடு செய்யக்கூடிய தொழில் இந்தக் கடலோரத்தில் கரைவலை ஒன்றுதான். அவனுக்கு மூன்று பெண்பிள்ளைகள். என்னைக் கண்டு தலையசைத்தான். ஹோட்டலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காக்காவிடம் சொன்னேன். அந்த மூன்றாவது கேள்வியை, நான் வாசிக்காமல் விட்டதை, முதற்தடவையாக ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் தங்கச்சி," என்றார். "குடுக்கப் போன அண்டைக்கே தெரியும். கச்சேரியில ஒருத்தன் வாசிச்சுச் சொன்னான்."

பிறகு ஏன் கொடுத்தீர்கள், கிழித்துப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"அண்டைக்குத்தான் கடைசி நாள். குடுக்காட்டி ரெண்டு பேருக்கும் இல்ல. ஒராளிட்ட இருந்தா மத்த ஆளிட்டயும் இருந்த மாதிரித்தானே எண்டு நினைச்சன்."

அதற்குப் பிறகு அவர் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். நான் குடித்தேன். இத்தனை வருடம் அவரை எழுத்தறியாதவர் என்று நினைத்து வந்தவள், அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் என்ன பட்டேன் என்பதை எழுத எனக்கு எந்தப் பாஷையிலும் தெரியவில்லை.

மறுநாள் ஒரு சமாதான நீதவானிடம் போய், முதற்படிவத்தில் நான் செய்ததைச் சொல்லிச் சத்தியக்கடதாசி முடித்தேன். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த மனிதர். நான் சொல்லச் சொல்ல எழுதியவர் இடையில் பேனாவை வைத்துவிட்டு, இது தேவையா மிஸிஸ் என்று கேட்டார். ஊரில் இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தெரியட்டும். ஆனால் பரிசோதகர் அதைப் பார்த்துவிட்டு, சாட்சிக்குக் காக்காவின் விரலடையாளம் இருக்கிறது, சட்டப்படி இதற்குப் பெறுமதி இல்லை, இப்போதைய உரிமையாளர் தானாக மாற்றிக் கொடுத்தால் மட்டும் செல்லும் என்றார். அவர் சட்டத்தைச் சரியாகத்தான் சொன்னார். நான் செய்ததைத் திருத்த என்னால் ஏலாது. உன்னால் மட்டும்தான் முடியும்.

இந்த உறைக்குள் இரண்டு கடதாசிகள் இருக்கின்றன. ஒன்று ஹோட்டல்காரருடையது. மற்றது பதிவை யூசுப்பின் பெயருக்கு மாற்றும் படிவம். இரண்டையும் ஒரு எழுத்தும் மாறாமல் நிரப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்துக்குரிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. ஹோட்டல் கடதாசியை ஒளித்துவைக்கவும் கிழிக்கவும் எனக்கு நினைவு வந்தது. செய்யவில்லை. ஒருவருக்கு முழுவதையும் காட்டாமல் கையெழுத்து வாங்குவதை நான் ஒரு தடவை செய்தது போதும். உன் பயணத்துக்கு இந்த வீடு இருக்கிறது. இது என் சீதன வீடு. விற்று எடுத்துக்கொள், உறுதிப்பத்திரத்தை எழுதித் தருகிறேன். நான் உப்புவெளியில் உன் சின்னம்மாவின் பின் அறையில் இருந்துகொள்வேன், கேட்டுவிட்டேன். இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது. கரையைக் கொடுக்க எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. அதை உனக்கு நான் திருடித் தந்தேன். அந்தச் சொல்லை எழுத இரண்டு நாள் எடுத்தது.

யூசுப்பின் பெயருக்கு மாற்றினால் மீன் திரும்பி வந்துவிடும் என்று நான் உனக்குச் சொல்லவில்லை. இன்னும் ஐந்து வருடத்தில் அந்தக் கரையில் இழுப்பதற்கு ஒன்றும் இல்லாமற் போகலாம். ஹோட்டல்காரர் யூசுப்பிடமும் போவார்கள், அவனும் ஒரு நாள் கையெழுத்துப் போடலாம். போடட்டும். போடுவதா விடுவதா என்று யோசிக்கும் இடத்தில் அவன் ஒரு நாளாவது இருக்க வேண்டும்.

நீ போகிற இடத்தில் உன் வேலையே மற்றவர்களின் பெயரை எழுதுவதாக இருக்கும். உன் தாளை வாசிக்கத் தெரியாத நூறு பேர் உனக்கு முன்னால் வந்து விரலடையாளம் வைப்பார்கள். அவர்களுக்கு எல்லா வரியையும் வாசித்துக் காட்டு. நேரம் போகிறது என்று மேலாளர் ஏசினாலும் வாசித்துக் காட்டு. உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் புத்தி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் முன்பே தேவைக்கு மேல் சொல்லிவிட்டேன்.

எனக்கு மறுமொழி எழுத வேண்டாம். எதில் கையெழுத்து வைத்தாலும் பதிவுத் தபாலில் நேரே பரிசோதகருக்கு அனுப்பு. வருகிற மாதம் முதலாம் திங்கட்கிழமைக்கு முன் கிடைக்க வேண்டும். அன்று காலையில் அவர் இறக்கக்கண்டிக் கரைக்கு வந்து, இழுவைக்காரர் எல்லோரையும் கூட்டி, இந்தப் பருவத்துக்குரிய பெயர்களை வாசிப்பார். நான் முதல் பஸ்ஸில் போய் அவர்களோடு மணலில் நிற்பேன். பெயர் வாசித்தாலும், வாசிக்கப் பெயரே இல்லை என்று சொல்லித் தாளை மடித்தாலும், அதை நான் அவர்கள் நடுவில் நின்று கேட்க வேண்டும்.

உன் அம்மா
பாலையூற்று